டிவியில் சொல்லும் ‘மேலடுக்குச் சுழற்சி’ எந்த அடுக்கில் சுழல்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: “மழைச் செய்தி வாசிக்கும்போதெல்லாம் ‘வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி காரணமாக’ என்கிறார்கள். பள்ளியில் வளிமண்டலத்துக்கு ஐந்து அடுக்கு என்று படித்தேன். இவர்கள் சொல்லும் மேலடுக்கு அதில் எது? அப்புறம், கேரளாவில் ஜூனில் கொட்டும் மழைக்கு நாம் மட்டும் ஏன் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்?”

முதல் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஐந்தில் ஆக அடியில் இருக்கிற கீழடுக்குக்குள்ளேயேதான் அந்தச் சுழற்சி இருக்கிறது. தரையைத் தொடாமல் கொஞ்சம் மேலே சுழல்வதால் ‘மேலடுக்கு’ என்று பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான். சில அறிக்கைகளில் ‘கீழடுக்குச் சுழற்சி’ என்றும் வருகிறது. குழப்பம் இரட்டிப்பு.

அறிக்கையை முழுதாகப் படித்தால் கூடவே ஓர் உயரமும் இருக்கும். “கடல் மட்டத்திலிருந்து 1.5 கி.மீ. உயரத்தில்”, “3.1 கி.மீ. வரை”, “5.8 கி.மீ. வரை” என்று. அதென்ன 3.1, 5.8 என்று உடைந்த எண்கள்? வானிலைக்காரர்கள் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் பேசுவார்கள். கடல் மட்டத்தில் 1,013 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும் அழுத்தம், மேலே போகப்போகக் குறையும். அது 850 ஆகிற இடம் சுமார் 1.5 கி.மீ., 700 ஆகிற இடம் 3.1 கி.மீ., 500 ஆகிற இடம் 5.8 கி.மீ. அந்த எண்களைத்தான் நமக்காகக் கிலோமீட்டரில் சொல்கிறார்கள். இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 5.8 கி.மீ.-யிலேயே அழுத்தம் பாதியாகிவிட்டது என்றால், பூமியின் மொத்தக் காற்றில் பாதி அதற்குக் கீழேயே தீர்ந்துவிட்டது என்று பொருள்.

சரி, அந்த ஐந்து அடுக்குக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என்று படித்திருப்பீர்கள். இலங்கையில் படித்தவர்களுக்கு மாறன் மண்டலம், படை மண்டலம் என்றால் புரியும். நான் படித்த காலத்தில் இதை ஐந்து மார்க் கேள்விக்காக வரிசையாக மனப்பாடம் செய்தோம். யார் கோடு கிழித்து இதைப் பிரித்தார்கள், எதை வைத்துப் பிரித்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. முதல் நான்கையும் பிரித்தது ஒன்றே ஒன்றை வைத்துத்தான்: மேலே போகப்போகக் குளிர்கிறதா, சுடுகிறதா. அந்தப் போக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே ஓர் அடுக்கு முடிகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிறீர்கள். ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏற்றம். கீழே 34 டிகிரி இருந்தால் மேலே 22 டிகிரியை ஒட்டி இருக்கும். கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கு இங்கே நன்றாகவே ஒத்துப்போகும். சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம், ஏன் குளிர்கிறது? ஏனென்றால் காற்றைச் சூரியன் நேரடியாகச் சூடாக்குவது குறைவு. வெயில் காற்றைத் தாண்டி வந்து தரையைச் சுடுகிறது, தரைதான் காற்றைச் சுடுகிறது. அடுப்பு கீழே இருக்கிறது. அடுப்பை விட்டு விலகினால் குளிரத்தானே செய்யும்?

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சூடான காற்று மேலே எழும்போது, சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் அது விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டால் விரலில் சில்லென்று அடிக்குமே, அதே கதை. ஈரமில்லாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 10 டிகிரி குளிர்ந்துவிடும். ஈரக்காற்று அவ்வளவு குளிராது. நீராவி மேகத்துளியாக மாறும்போது தன்னிடம் உள்ள வெப்பத்தை வெளியே விடுவதால், அந்தக் காற்று இன்னும் கொஞ்சம் சூடாகவே இருந்து மேலும் எழும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மழைக்கதை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

அப்படியே போனால் எல்லையில்லாமல் குளிர்ந்துகொண்டே போக வேண்டுமே? 19-ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1862-இல் கிளெய்ஷர், காக்ஸ்வெல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பலூனில் ஏறி, எவரெஸ்ட் உயரத்தை நெருங்கும் இடம் வரை போனார்கள். கிளெய்ஷர் மயங்கிவிட்டார். காக்ஸ்வெல்லின் கைகள் விறைத்துவிட்டதால் வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் இறங்கினார்கள். அதன் பிறகு ஆளில்லாத பலூன்களில் கருவியைக் கட்டி அனுப்பும் வழக்கம் வந்தது. பிரான்சில் டெஸரென் டு போர் என்பவர் இப்படி இருநூறுக்கு மேற்பட்ட பலூன்களை விட்டார். 11 கி.மீ. வாக்கில் வெப்பநிலை குறைவது நின்றுபோகிறது என்று கருவிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அவர் நம்பவில்லை. வெயில் பட்டுக் கருவி தவறாகக் காட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டு இரவிலும் பலூன் விட்டார். அப்போதும் அதேதான். 1902-இல் அதை அறிவித்தார். நாம் மீள் அடுக்கு என்று சொல்லும் ஸ்ட்ரேட்டோஸ்பியர் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அங்கே குளிர்வது ஏன் நிற்கிறது? அங்கே இன்னோர் அடுப்பு இருக்கிறது. ஓசோன். சூரியனின் புற ஊதாக் கதிரை அது பிடித்துக்கொண்டு சூடாகிறது. 50 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை கிட்டத்தட்ட 0 டிகிரிக்கே வந்துவிடும். கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று என்று அமைந்துவிட்டால், கீழிருந்து வருவது மேலே நுழைய முடியாது. எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் கிடப்பதுபோலக் கிடக்கும். ஆக, நம் தலைக்கு மேல் ஒரு மூடி இருக்கிறது. கோடை மாலையில் தூரத்தில் எழும் இடிமேகத்தைப் பார்த்திருப்பீர்கள். காலிஃப்ளவர் மாதிரி மேலே மேலே பொங்கி, ஓர் உயரத்துக்குப் பிறகு யாரோ அமுக்கியதுபோலத் தட்டையாகப் பரவும். அந்தத் தட்டைதான் மூடியின் அடிப்பக்கம். வளிமண்டலத்தின் ஓர் அடுக்கு முடிவதைக் கருவி எதுவும் இல்லாமல் மொட்டைமாடியிலிருந்தே பார்க்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இந்த மூடி எல்லா ஊரிலும் ஒரே உயரத்தில் இல்லை. துருவப் பக்கம் 8, 9 கி.மீ.-யிலேயே வந்துவிடும். சென்னைக்கு மேல் 16, 17 கி.மீ. இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. நம் ஊரில் காற்று இன்னும் பல கிலோமீட்டர் ஏறிக் குளிர்வதால், இங்கே கீழடுக்கின் உச்சியில் மைனஸ் 80-ஐ ஒட்டிய குளிர். துருவத்தில் அதே எல்லையில் மைனஸ் 50, 60தான். ‘ஜெட் விமானங்கள் பறப்பது மீள் அடுக்கில்’ என்று நாம் படித்ததும் இங்கே பொருந்தாது. விமானம் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. நம் தலைக்கு மேல் அது கீழடுக்கின் நடுப்பகுதி தாண்டிய இடம். விமானம் வங்கக்கடல் மேல் இடிமேகங்களைச் சுற்றிப் போகிறதே தவிர, எல்லாவற்றுக்கும் மேலே ஏறிப் போய்விட முடிவதில்லை.

மேலே உள்ள மற்ற அடுக்குகள் மழைக்கதைக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 50 முதல் 85 கி.மீ. வரை இடையடுக்கு. ஓசோனைத் தாண்டிவிட்டதால் மறுபடி குளிர்ந்து, மைனஸ் 90 வரை போகும். எரிநட்சத்திரங்கள் பெரும்பாலும் இங்கேதான் எரிந்து தீர்கின்றன. அதற்கு மேல் வெப்ப அடுக்கு. ஆயிரம் டிகிரியைத் தாண்டும் என்பார்கள், ஆனால் அங்கே காற்றணுக்கள் அவ்வளவு அரிதாக இருப்பதால் நின்றால் சுடாது. 400 கி.மீ.-யில் விண்வெளி நிலையம் சுற்றுவது இதற்குள்தான். நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து இந்தியா விட்ட முதல் ராக்கெட் இந்த உயரங்களின் காற்றைப் படிக்கத்தான் போனது. ராக்கெட் கக்கிய சோடியம் ஆவி அந்தி வானில் ஒளிர, அது நகர்வதை வைத்துக் காற்றோட்டத்தை அளந்தார்கள். பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போவதுதான் ஒரு மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம்.

இனி இரண்டாம் கேள்வி. கீழே அடுப்பு, மேலே மூடி. இப்போது அடுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் எரியாவிட்டால்? நிலநடுக்கோட்டுப் பக்கம் வெயில் செங்குத்தாக விழுகிறது, துருவத்தில் சாய்ந்து விழுகிறது. நடுக்கோட்டருகே எழும் காற்று மூடியில் முட்டி, வேறு வழியில்லாமல் வடக்கும் தெற்குமாகப் பரவுகிறது. ஏறும்போதே ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டதால் வறண்டுபோன அந்தக் காற்று, 30 பாகை அட்சரேகையை ஒட்டி இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும். அங்கே மேகம் எப்படிக் கட்டும்? உலக வரைபடத்தை எடுத்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சகாரா, அரேபியா, தெற்கே களகாரி, ஆஸ்திரேலியப் பாலை எல்லாம் வரிசையாக வரும். இறங்கிய காற்று தரையோடு மறுபடி நடுக்கோட்டுக்குத் திரும்புகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வடபாதியில் வலப்பக்கமும் தென்பாதியில் இடப்பக்கமும் ஒதுங்குகிறது. பாய்மரக் கப்பல்காரர்கள் நம்பி ஓடிய வியாபாரக் காற்று அதுதான். 1735-இல் ஹேட்லி என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் இந்தச் சுற்றோட்டத்தை விளக்கினார். விவரங்களில் சில தவறு, ஆனாலும் அடிப்படை சரி.

பருவமழை என்பது இந்தச் சுற்றோட்டம் ஆசியாவின் நிலப்பரப்பால் வடக்கே இழுக்கப்படுவதுதான். வைகாசி, ஆனியில் சூரியன் வடக்கே வர, வட இந்தியாவின் தரை கொதிக்கிறது. 4,500 மீட்டர் சராசரி உயரமுள்ள திபெத்தியப் பீடபூமியும் சுடுகிறது. அது நடுவானத்துக்கே அடுப்பைத் தூக்கி வைத்த மாதிரி. தென்பாதியின் காற்று நடுக்கோட்டைத் தாண்டி, வலப்பக்கம் ஒதுங்கி, சோமாலியக் கரையோரம் வேகமெடுத்து, தென்மேற்கிலிருந்து அரபிக்கடல் ஈரத்தோடு கேரளாவில் மோதுகிறது. வழக்கமான தேதி ஜூன் 1. இந்த ஓட்டம் சுமார் 1.5 கி.மீ. உயரத்தில்தான் மிக வலுவாக இருக்கும். அதே நேரத்தில் 14, 15 கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பாய்ந்துகொண்டிருக்கும். இந்தக் கிழக்கத்திய ஜெட் காற்றை 1950-களில் அடையாளம் கண்டு சொன்னவர், இந்திய வானிலைத் துறையின் தலைவராகப் பின்னாளில் இருந்த பி. கோட்டீஸ்வரம். ஆடி மாதம் சென்னையில் நிற்கிறீர்கள் என்றால், உங்கள் தலைக்கு மேல் இரண்டு ஆறுகள் எதிரெதிராக ஓடுகின்றன. கீழ் ஆறு கொண்டுவரும் காற்று ஏறி, மேல் ஆற்றில் கலந்து திரும்புகிறது.

அப்புறம் நமக்கு ஏன் மழை இல்லை? நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. ஏறும்போது கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி என்று சூடாகி வருகிறது. ஏறும்போது ஈரக்காற்றாக மெதுவாகக் குளிர்ந்தது, இறங்கும்போது வறண்ட காற்றாக வேகமாகச் சூடாகிறது. அதனால் புறப்பட்ட இடத்தைவிடச் சூடாகவே வந்து சேர்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அதில் மழையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கவனித்தீர்களா? மழையை மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த காற்று அது. இலங்கையில் மட்டக்களப்புக்காரர்கள் கச்சான் என்று சொல்லும் வறட்டுக் காற்றும் இதே மாதிரி மத்திய மலைநாட்டைத் தாண்டி இறங்குவதுதான். மலையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே கணக்கு மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில்தான் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் ஓடுகின்றன. தெற்கே ஆரல்வாய்மொழியிலும் அப்படியே. தென்காசியில் மழை கொட்டாமல் சாரலாக விழுவதும், குற்றாலத்தில் சீசன் களைகட்டுவதும் அந்தப் பக்கத்து மழை மலையைத் தாண்டிக் கொஞ்சம் சிந்துவதால்.

சென்னையில் ஆடி, ஆவணி மாலைகளில் திடீரென்று இடியோடு பெய்கிறதே என்பீர்கள். மலையிலிருந்து வரும் சூடான மேற்குக் காற்றும் கடற்காற்றும் நகருக்கு மேல் முட்டிக்கொண்டு எழும்புவதால் வருவது அது. டிவியில் ‘வெப்பச்சலனம்’ என்று சொல்வது இதைத்தான். ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் தூசி பறக்கும்.

ஐப்பசியில் எல்லாம் திரும்புகிறது. சூரியன் தெற்கே போய்விட, வடக்கே நிலம் ஆறிவிட, காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. வங்கக்கடல் இன்னும் சூடு ஆறவில்லை. அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று ஈரத்தோடு நம் கரையில் ஏறுகிறது. பழந்தமிழில் திசைக்கொரு பெயர் வைத்தார்கள்: வடக்கே வாடை, தெற்கே தென்றல், மேற்கே கோடை, கிழக்கே கொண்டல். மேற்குக் காற்றுக்குக் கோடை என்றும், கிழக்குக் காற்றுக்கு மேகத்தைக் குறிக்கும் கொண்டல் என்ற சொல்லையே பெயராகவும் வைத்தவர்களுக்கு மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, சென்னை போன்ற கரையோர ஊர்களில் அதற்கும் மேல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது.

ஆனால் வெறும் வடகிழக்குக் காற்று வீசினால் மட்டும் மழை வந்துவிடாது. அந்த ஈரக்காற்றைக் கூட்டிச் சேர்த்து மேலே தள்ள ஒருவர் வேண்டும். அந்த வேலையைத்தான் நீங்கள் கேட்ட சுழற்சி செய்கிறது. ஓரிடத்தைச் சுற்றிக் காற்று சுழலும்போது நான்கு பக்கத்திலிருந்தும் உள்ளே குவிகிறது. குவிந்த காற்றுக்குக் கீழே போக வழியில்லை, கடல் இருக்கிறது. மேலே எழுகிறது, குளிர்கிறது, மேகமாகிறது. அப்போது வெளிவரும் வெப்பம் அதை இன்னும் எழுப்புகிறது. கடல் ஒத்துழைத்தால் இந்தச் சுழற்சி கீழே இறங்கி, கடல் மட்டத்தில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாகி, தாழ்வு மண்டலமாகி, புயலாகவும் ஆகலாம். பெரும்பாலானவை அவ்வளவு தூரம் போவதில்லை.

போகாவிட்டால் ஆபத்தில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். அன்று புயல் எதுவும் கிடையாது. பெயர் வைக்கப்படாத, குமரிக்கடல் பக்கம் நகராமல் நின்ற ஒரு மேலடுக்குச் சுழற்சி. புயல் என்றால் பெட்ரோமாக்ஸ் தேடும் நாம், சுழற்சி என்றால் சேனலை மாற்றிவிடுகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் இது ஒரே மாதிரி நடக்காததற்குப் பசிபிக் பெருங்கடலும் ஒரு காரணம். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாவதைக் கண்டு எல் நினோ என்றார்கள். அந்தச் சூடு பெருகும் ஆண்டுகளில், நடுக்கோட்டை ஒட்டிக் காற்று எழும் இடம் இந்தோனேசியப் பக்கத்திலிருந்து கிழக்கே நகர்ந்துவிடும். நம் தென்மேற்குப் பருவமழை அடிவாங்கும். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-இல் தொடங்கிய அந்தக் கொடுமையின் நடுவே, 1877-இல், பசிபிக்கில் மிக வலுவான எல் நினோ இருந்தது பிற்காலத்தில்தான் தெரிந்தது. பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்ல வழி தேடித்தான் இந்திய வானிலைத் துறைக்கு 1904-இல் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் உலகெங்குமிருந்து அழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக்கின் இரு கரைகளிலும் அழுத்தம் ஊசலாடுவதைக் கண்டவர் அவர்.

வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. எல் நினோ ஆண்டில் நமக்கு நன்றாகப் பெய்யும். 2015 அப்படி. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அடுத்த ஆண்டு 2016, லா நினா பக்கம் சாய்ந்தது (எல் நினோவுக்கு எதிராக, அதே கடல் வழக்கத்தைவிடக் குளிர்வதுதான் லா நினா). வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. பார்த்தீர்களா, விதி சரியாக வேலை செய்கிறது என்று நினைப்பதற்குள் 2021 வந்தது. லா நினா ஆண்டு, ஆனால் நவம்பரில் மட்டும் சென்னை 100 செ.மீ.-க்கு மேல் நனைந்தது. யாராவது ஜூலையிலேயே “இந்த வருஷம் எல் நினோ, சென்னை மூழ்கும்” என்று அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

பருவநிலை மாற்றத்திலும் இந்த அடுக்குகள் ஒரு சாட்சி சொல்கின்றன. சூரியன் கூடுதலாகச் சுடுவதால்தான் பூமி சூடாகிறது என்று சிலர் வாதிடுவதுண்டு. அப்படியென்றால் கீழடுக்கு, மீள் அடுக்கு இரண்டுமே சூடாக வேண்டும். நடப்பது வேறு. கீழடுக்கு சூடாகிறது, மீள் அடுக்கு குளிர்கிறது. கரியமில வாயு கீழே வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது, மேலே காற்று மெலிந்த இடத்தில் வெப்பத்தை விண்வெளிக்கு விட்டு அந்த அடுக்கையே ஆற்றிவிடுகிறது. மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1967-இலேயே கணக்குப் போட்டுச் சொன்னது இது. மனாபேக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. நம் மழைக்கு இதில் நேரடிச் சங்கதி ஒன்று உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதே சுழற்சி, கூடுதல் சரக்கு.

கடைசியாக, அறிக்கையை எப்படிப் படிப்பது என்று. மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் காலை 5.30, மாலை 5.30 வேளையை ஒட்டி பலூன் விடுவார்கள். உலகமெங்கும் அதே நேரத்தில்தான். ஒரு சின்னக் கருவியைச் சுமந்துகொண்டு 30 கி.மீ. வரை ஏறி வெடிக்கும் அந்த பலூனும், செயற்கைக்கோளும் சொல்வதை வைத்துத்தான் அந்த 1.5, 3.1, 5.8 எல்லாம் வருகின்றன. சுழற்சி 1.5 கி.மீ. வரைதான் என்றால் அது ஆழமில்லாதது, பெரும்பாலும் அங்கங்கே மழையோடு முடியும். 5.8 கி.மீ. வரை நீள்கிறது, கூடவே கடல் மட்டத்திலும் தாழ்வுப் பகுதி இருக்கிறது, மெதுவாகத்தான் நகர்கிறது என்று மூன்றும் சேர்ந்து வந்தால், அன்றைக்கு மாடியில் காயப்போட்ட வடகத்தை எடுத்துவிடுங்கள். வண்டியையும் மேட்டில் நிறுத்துங்கள்.